பிச்சாவரமா, சுண்ணாம்பாறா? குறுகிய துடுப்புப் படகுப் பயணத்தைத் தேர்ந்தெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் வரும் வெளியூர் உறவினர்கள் படகில் போக ஆசைப்படும்போது முதலில் கேட்பது கட்டணம் எவ்வளவு என்பதைத்தான். இந்த முடிவில் கட்டணம் கடைசியாக வர வேண்டியது. பருவம், நீர்நிலை, ஓத நேரம் (கடல்நீர் ஏறி இறங்கும் நேரம்), படகின் வகை, கால அளவு என்ற வரிசையில் முடிவெடுத்தவர்கள் மனநிறைவோடு திரும்புகிறார்கள். வரிசையை மாற்றியவர்கள் உச்சி வெயிலில், நீர் வற்றிய வாய்க்காலில், மோட்டார் இரைச்சலோடு ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டு “இவ்வளவுதானா?” என்று கேட்கிறார்கள். ஒரு படியில் எடுக்கும் முடிவு அடுத்த படியில் இருக்கும் தெரிவுகளைக் குறைத்துத் தரும் என்பதால், கீழுள்ள வரிசையிலேயே செல்லுங்கள்.

முன்கூட்டியே வேண்டியவை

வீட்டில் தொங்கும் தினசரி காலண்டர் ஒன்றும், கைபேசியில் ஓத அட்டவணை காட்டும் செயலி ஒன்றும் போதும். அவற்றின் பயன் மூன்றாம் படியில் விளங்கும். கையில் சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். படகுத் துறைகளில் கைபேசி சமிக்ஞை எல்லா நேரமும் கிடைக்கும் என்று நம்பிச் செல்ல வேண்டாம்.

முழுக்கைப் பருத்திச் சட்டை, தாடைக்குக் கீழே கட்டிக்கொள்ளும் கயிறுள்ள தொப்பி, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில், கைபேசியைப் போட்டு மூடிவைக்க நீர்புகா உறை, பின்பட்டை உள்ள செருப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். குடையைத் தவிர்த்துவிடுங்கள். திறந்த நீரில் அது காற்றைப் பிடித்துப் படகைத் திருப்பும். பின்னாலிருந்து துடுப்புப் போடுபவரின் பார்வையையும் மறைக்கும். குறுகிய வாய்க்காலில் கிளைகளில் சிக்கும். கழிப்பறைக்குப் போவதைக் கரையிலேயே முடித்துக்கொள்வது சிறு குழந்தைகளோடும் முதியவர்களோடும் செல்வோருக்கு மிக முக்கியம், ஏனெனில் புறப்பட்ட பிறகு இடையில் இறங்க இடம் கிடையாது.

1. பருவத்தையும் வானிலையையும் முதலில் பாருங்கள்

தை முதல் பங்குனி வரையிலான மாதங்களே இந்தக் கரையில் படகுப் பயணத்துக்கு ஏற்றவை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது, வலசை வந்த பறவைகளில் பலவும் திரும்பிப் போயிருக்காது. சித்திரை, வைகாசியிலும் போகலாம். ஆனால் காலை பத்து மணிக்குள் கரை திரும்பிவிடும்படி திட்டமிட வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது வருபவர்கள் கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளதா என்று செய்தியில் பார்ப்பது அவசியம். 1-ஆம் எண் கூண்டு தொலைகடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருப்பதைக் குறிக்கும். 3-ஆம் எண் ஏற்றப்பட்டால் துறைமுகத்துக்கே பலத்த காற்றின் அச்சுறுத்தல் இருக்கிறது என்று பொருள். அன்றைக்கு ஆறும் கழியும் அமைதியாகத் தெரிந்தாலும் பயணத்தைக் கைவிடுங்கள்.

புதியவர்கள் தவறாமல் கோட்டைவிடும் இன்னொன்று, மேலிருந்து வரும் வெள்ளம். உள்ளூரில் மழை நின்று வெயில் அடித்த பிறகும் ஆறு பெருகும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பின், மேற்கே திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் கொட்டிய மழையால் சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணையின் வெள்ளம் கடலூரை வந்தடைந்தது. மேட்டூர் நிரம்பி உபரி நீர் கொள்ளிடத்தில் விடப்படும் ஆண்டுகளில், ஆடி ஆவணியிலேயே இப்படி நேரலாம். ஆகவே உள்ளூர் வானிலையோடு அணைச் செய்தியையும் சேர்த்துப் பாருங்கள். நீர் செம்மண் நிறத்தில் ஓடி, மேலே ஆகாயத்தாமரையும் மரக்கிளைகளும் மிதந்து வந்தால் அது வெள்ளநீர்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் படகுப் பயணமும் இருக்காது என்று சிலர் தேதியை மாற்றிக்கொள்கிறார்கள். அந்தத் தடை கடலில் மீன்பிடிக்கும் விசைப்படகுகளுக்கானது. கழிமுகத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

2. எந்த நீர்நிலை என்பதை முடிவு செய்யுங்கள்

இந்தப் பகுதியில் குறுகிய பயணத்துக்குப் பொதுவாகத் தேர்வாகும் இடங்கள் இரண்டு. சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த பிச்சாவரம் அலையாத்திக் காடு (சதுப்பு நீரில் வளரும் மரங்களின் காடு) ஒன்று. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இங்கு இருக்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே கடலூர் சாலையில், நோணாங்குப்பத்தில் உள்ள சுண்ணாம்பாறு படகுக் குழாம் மற்றொன்று.

இரண்டும் வெவ்வேறு அனுபவங்கள் என்பதால், உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் தெளிவாகிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பாற்றில் நீர்ப்பரப்பு அகலமானது. பெரும்பாலானோர் அங்கு போவது முகத்துவாரத்தை ஒட்டிய பாரடைஸ் கடற்கரைக்குச் செல்லத்தான், அதற்கு இயந்திரப் படகுகளே ஓடுகின்றன. கடற்கரையில் பொழுதைக் கழிக்க விரும்பும் குடும்பத்துக்கு அது பொருந்தும். துடுப்புப் படகில் மெல்லப் போய், மரங்களுக்கு அடியில் நுழைந்து வெளியே வர வேண்டும் என்றால் பிச்சாவரத்துக்குத்தான் செல்ல வேண்டும். இதில் என் சார்பு வெளிப்படையானது: அரை நாள் ஒதுக்க முடிந்தவர் பிச்சாவரத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

தூரத்தைக் குறைத்து மதிப்பிடுவது இங்கு நடக்கும் தவறு. புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாகப் பிச்சாவரம் சென்று சேர இரண்டு மணி நேரத்தை ஒதுக்குங்கள். காலை உணவை முடித்துவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினால் நீங்கள் படகில் ஏறும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். முந்தைய இரவே சிதம்பரத்தில் தங்குவது வெயிலுக்கும் கூட்டத்துக்கும் ஒருங்கே தீர்வு.

3. ஓத நேரத்தைக் கணக்கிட்டுப் புறப்படும் நேரத்தை வையுங்கள்

மொத்தப் பயணத்தின் தரத்தையும் தீர்மானிக்கும் படி இதுதான். வெளியூரிலிருந்து வருபவர்கள் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். பிச்சாவரத்தின் நீர் கடலோடு தொடர்புடையது. கடல் ஏறினால் வாய்க்கால் ஏறும், கடல் இறங்கினால் வாய்க்கால் வற்றும். இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும் என்பது உண்மையே. ஆனால் வாய்க்காலின் ஆழமே பல இடங்களில் இடுப்பளவுதான் என்னும்போது, அந்த வேறுபாடு ஒரு வழியைத் திறக்கவும் அடைக்கவும் போதுமானது.

ஓதம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். உச்ச ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 7 மணிக்கு உச்ச ஏற்றம் என்றால் நாளை 7.50 அளவில் இருக்கும். எனவே போன மாதம் போய்வந்த நண்பர் “காலை எட்டு மணிக்குப் போ, அருமையாக இருக்கும்” என்று சொன்னது அன்றைக்குச் சரியாகவும் உங்களுக்குத் தவறாகவும் இருக்கலாம்.

தினசரி காலண்டர் இங்கேதான் உதவுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் மிதமாக இருக்கும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் போவதானால் நேரத்தைக் கூடுதல் கவனத்தோடு வையுங்கள். அஷ்டமியை ஒட்டிப் போனால் சிறு பிசகு பெரிதாகப் பாதிக்காது.

ஓத அட்டவணையில் கடலூர் அல்லது பரங்கிப்பேட்டைக்கான நேரத்தைப் பாருங்கள். அது கடலோரத்துக்கான நேரம். சின்னவாய்க்கால் என்னும் இடத்தில் உள்ள முகத்துவாரம் வழியாக நீர் உள்ளே வந்து கிளை வாய்க்கால்களை நிரப்ப மேலும் சிறிது நேரமாகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மரங்கள் கூரையாகக் கவிந்த குறுகிய வாய்க்காலுக்குள் நுழைவதுதான் உங்கள் நோக்கமென்றால், உச்ச ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்படுங்கள். ஏறும் நீரில் படகு சேற்றில் தட்டினாலும் சற்றுப் பொறுத்தால் நீரே தூக்கிவிடும். இறங்கும் நீரில் தட்டினால் படகோட்டி இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். பறவைகளைப் பார்ப்பது நோக்கமென்றால் கணக்கு மாறும்: நீர் பாதி வற்றிச் சேற்றுத்திட்டுகள் வெளியே தெரியும் நேரமே அதற்கு உகந்தது, ஏனெனில் கொக்கு, நாரை, உள்ளான் வகைப் பறவைகள் இரை தேட அந்தச் சேற்றுக்குத்தான் வருகின்றன.

அட்டவணை கையில் இல்லாதபோது படகுத்துறையின் தூண்களைப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு ஈரம் பளபளத்தால் நீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. தூண் நீர்மட்டம் வரை உலர்ந்திருந்து, உதிர்ந்த இலைகள் காட்டை நோக்கி உள்ளே நகர்ந்தால் நீர் ஏறுகிறது. அதன்பின் படகோட்டியிடம் ஒரு கேள்வி: “அண்ணே, தண்ணி ஏறுதா, வத்துதா?” “ஏறுதுங்க, இன்னும் ஒரு மணி நேரம் ஏறும்” என்பது போல நேரத்தோடு பதில் வந்தால், அவர் அன்றைய நீரை அறிந்தவர் என்று நம்பி ஏறலாம்.

4. படகின் வகையைத் தேர்ந்தெடுங்கள்

மோட்டார் படகு அகன்ற வாய்க்கால்களில் விரைவாகப் போய்வரும்; குறுகிய கிளை வாய்க்காலுக்குள் அதனால் நுழைய முடியாது. துடுப்புப் படகு மெதுவானது, ஆனால் சுரபுன்னையின் தாங்கு வேர்களுக்கு இடையில் புகுந்து வரக்கூடியது. ஆழம் குறைந்த இடத்தில் துடுப்பை வைத்துவிட்டு நீண்ட கழியால் ஊன்றியும் தள்ளலாம். ‘எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்’ என்று மோட்டார் படகைத் தேர்ந்தெடுப்பவர்கள், பார்க்க வந்ததை வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

இரைச்சல் இல்லாததன் பயனைத் தனியாகச் சொல்ல வேண்டும். துடுப்புப் படகில்தான் கரையோரம் மார்பளவு நீரில் நின்று, பனையோலைப் பறியை (பிடித்ததைப் போட்டுவைக்கும் கூடையை) வாயில் கவ்வியபடி, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களை அவர்களின் வேலையைக் கலைக்காமல் கடந்து போக முடியும். மோட்டார் படகின் அலை சேற்றைக் கலக்கிவிடும். அவர்களைப் படம் எடுப்பதானால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நெடுநேரம் குந்தியோ காலை மடக்கியோ உட்கார முடியாத முதியவர்கள் உடன் வந்தால், சாய்மானமுள்ள இருக்கை இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மோட்டார் படகையே எடுங்கள். அவர்களின் வசதிக்காகக் காட்சி சற்றுக் குறைவதில் தவறில்லை.

5. கால அளவைக் குறைத்தே வையுங்கள்

முதல்முறை வருபவருக்கு ஒரு மணி நேரம் குறைவு, மூன்று மணி நேரம் அதிகம். அகன்ற நீர்ப்பரப்பைக் கடந்து காட்டின் விளிம்பை அடையவே கொஞ்ச நேரம் போய்விடும். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரப் பயணம் இருந்தால் உள்ளே நின்று நிதானமாகப் பார்த்துத் திரும்பலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் இருந்தால் ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெயில் காலத்தில் முற்பகல் முடியும் தறுவாயில் கடற்காற்று எழும். அதன் பிறகு அகன்ற பகுதியில் சிற்றலை கூடும், எதிர்காற்றில் துடுப்புப் போடுவது படகோட்டிக்குக் கடும் உழைப்பாகும், திரும்பும் நேரமும் நீளும். இதனால்தான் கவுன்ட்டர் திறந்தவுடன் புறப்படும் பயணம், அதே நீளமுள்ள பிற்பகல் பயணத்தைவிட மேலானது. காலையில் ஓதம் பொருந்தாவிட்டால் மாலையில் போகலாம். ஆனால் சூரியன் மறைவதற்குள் கரை சேர்வது உறுதியாக இருக்க வேண்டும்.

6. பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

கட்டணப் பலகையை முழுவதும் படியுங்கள். கட்டணம் ஆளுக்கா, படகுக்கா, எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரத்துக்கு, கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பவற்றைப் பார்த்துவிட்டு, பலகையில் இல்லாத ஒன்றை வாயால் கேளுங்கள்: “இந்த நேரத்துக்குள்ள குறுகலான கிளை வாய்க்காலுக்கு உள்ள போய் வர முடியுமா?” எந்தப் படகுத்துறையிலும் மனத்தாங்கல் தொடங்குவது இந்த இடத்தில்தான். நடு நீரில் வைத்து, உள்ளே போவதற்குத் தனியாகப் பணம் பேசும் நிலை வந்தால் பேரம் பேச இயலாது, பயணத்தின் மகிழ்ச்சியும் போய்விடும். வழியைக் கரையிலேயே பேசி முடித்துவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

சாலையோரத்தில் வண்டியை மறித்து, “கவுன்ட்டர்ல கூட்டம், நம்ம படகு இருக்கு வாங்க” என்று அழைப்பவர்களோடு போகாதீர்கள். மீன்பிடிக்கக் கட்டிய படகு ஆட்களை ஏற்றிச் செல்ல அமைக்கப்பட்டதன்று. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து சுற்றுலா வந்த 22 பேர் உயிரிழந்ததை இந்தக் கரையில் இருப்பவர்கள் மறக்கவில்லை. சீட்டு வாங்கிப் போகும் படகில், நீங்கள் எத்தனை பேர், எப்போது புறப்பட்டீர்கள் என்பது கரையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கும். குறித்த நேரத்தில் திரும்பாவிட்டால் தேட ஓர் ஆள் இருப்பார்.

7. ஏறுமுன் உயிர்காப்பு அங்கியையும் ஆட்கணக்கையும் சோதியுங்கள்

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டால் மட்டும் போதாது. எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, பக்கப் பட்டைகளை இழுத்து இறுக்குங்கள். பிறகு வேறொருவர் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கட்டும். அங்கி காதுவரை ஏறி வந்தால் அது பெரிது; நீரில் விழுந்தால் தலை வழியே கழன்றுவிடும். குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அங்கியை மாட்டிவிடுவதுதான் நான் காணும் தவறுகளில் மிகவும் அஞ்சத்தக்கது. குழந்தையின் அளவுக்கானதைக் கேளுங்கள், கிடைக்கும்வரை காத்திருங்கள், கிடைக்காவிட்டால் அந்தக் குழந்தையோடு ஒருவர் கரையில் இருக்கட்டும். படம் எடுப்பதற்காக நடுவில் கழற்றுவதும் கூடாது.

ஆட்கணக்கில் விட்டுக்கொடுக்காதீர்கள். “ஒருத்தர்தானே, ஒண்டிக்கலாம்” என்ற பேச்சு பெரும்பாலும் படகோட்டியிடமிருந்து வருவதில்லை. பிரிந்து போக மனமில்லாத குடும்பத்திடமிருந்தே வருகிறது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிகொண்ட படகு, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்திப் பொழுதில் சென்றது. இரண்டு படகாகப் பிரிந்து போங்கள்.

8. ஏறுவதும் அமர்வதும்

படகோட்டி படகைக் கரையோடு அணைத்துப் பிடித்த பிறகு ஒவ்வொருவராக ஏறுங்கள். விளிம்பில் கால் வைக்காமல் நடுப்பகுதியில் வைத்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். விளிம்பில் வைக்கும் எடை படகைச் சாய்க்கும்; நடுவில் வைக்கும் எடை அதை அமிழ்த்தி நிலைப்படுத்தும். ஒரு கால் துறையிலும் ஒரு கால் படகிலுமாக நின்று அடுத்தவருக்குக் கை கொடுப்பது வேண்டாம், படகு விலகினால் இருவருமே நீரில்தான். பையை முதலில் கொடுத்துவிட்டுக் கைகள் இரண்டும் காலியாக இருக்க ஏறுங்கள்.

எடை மிகுந்தவர்கள் நடுவிலும், குழந்தைகள் பெரியவர்களுக்கு இடையிலும் அமரட்டும். இடம் மாற வேண்டுமானால் படகோட்டியிடம் சொல்லி, ஒருவர் மட்டும் குனிந்தபடி நகர வேண்டும். ஒரு பறவையைக் காட்டினால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வது இயல்பான அனிச்சைச் செயல் என்பதால், புறப்படும் முன்பே இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

9. வாய்க்காலுக்குள்

உள்ளே நுழைந்ததும் கைகளைப் படகின் விளிம்புக்கு உட்புறமாக வைத்துக்கொள்ளுங்கள். வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகளின் ஓரம் கத்தியைப் போல அறுக்கும். நீர் உச்சத்தில் இருக்கும்போது கிளைகள் தலைக்கு அருகில் வரும், படகோட்டி “குனிங்க” என்றால் திரும்பிப் பார்க்காமல் உடனே குனிய வேண்டும்.

கிளைகளை ஒடிக்காதீர்கள். காட்டைக் காப்பது ஒரு காரணம். உங்கள் கண்ணைக் காப்பது இன்னொன்று. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரம் இந்தக் காட்டில் உண்டு. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பெருந்துன்பம் தரும். தவறிப் பட்டுவிட்டால் தேய்க்காமல் நன்னீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் செல்லுங்கள். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு பாட்டிலை இதற்காகவே கடைசிவரை மிச்சம் வையுங்கள்.

தின்பண்டப் பொட்டலங்களைத் திறப்பதைக் கரைக்கு ஒத்திப்போடுங்கள். காற்று பறித்துச் செல்லும் ஒரு பிளாஸ்டிக் உறை வேர்களுக்கிடையில் சிக்கினால், ஓதம் மாறிமாறி வந்தாலும் அங்கேயே கிடக்கும். படகோட்டியிடம் அமைதியாக வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, உள்ளே ஓரிடத்தில் ஐந்து நிமிடம் துடுப்பை நிறுத்தச் சொல்லுங்கள். நண்டுகள் வளையை விட்டு வெளியே வருவதும், மீன்கொத்தி பழைய கிளைக்குத் திரும்புவதும் அந்த நேரத்தில்தான் நடக்கும்.

வானம் கறுத்தாலோ காற்று சட்டென்று திசை மாறினாலோ திரும்பிவிடலாம் என்று படகோட்டி சொல்வார். கட்டிய பணத்துக்கு நேரம் பாக்கி இருக்கிறது என்று அவரிடம் வாதாடாதீர்கள். அகன்ற நீர்ப்பரப்பைக் கடக்கும் வேலை இன்னும் அவருக்கு மீதி இருக்கிறது, இடி மின்னலின்போது அந்தத் திறந்த வெளியில் உயரமாக இருப்பது உங்கள் படகுதான்.

10. இறங்குவதும் கணக்கை முடிப்பதும்

படகு துறையைத் தொட்டதும் எல்லோரும் ஒருசேர எழுவதால்தான் கரையோர விபத்துகள் நேர்கின்றன. படகோட்டி கயிற்றைக் கட்டும்வரை உட்கார்ந்திருங்கள். கரைக்கு அருகில் இருப்பவர் முதலில் இறங்கி ஒதுங்கி நிற்கட்டும், குழந்தைகள் நடுவிலும் பெரியவர் ஒருவர் கடைசியிலுமாக இறங்குங்கள். அங்கியைத் துறையில் கால் ஊன்றிய பிறகே கழற்றலாம்.

பேசிய கட்டணத்துக்கு மேல் கொடுப்பது கட்டாயமில்லை. எதிர்காற்றில் துடுப்புப் போட்டு, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லி அழைத்து வந்தவருக்கு மனமுவந்து கொடுப்பதானால், இறங்கிய பின் அவர் கையில் நேரடியாகக் கொடுங்கள். மறுமுறை வரும் எண்ணம் இருந்தால், அடுத்து எந்த வாரம் காலையில் நீர் ஏறியிருக்கும் என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.